நீங்கள் வெட்டி எறியும் நேரம்: எடைக்குறைப்பு நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடைக்குறைப்பைப் போட்டியாக்கித் தொலைக்காட்சியில் காட்டுபவர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவன் அல்ல. பதினைந்து வருடமாக ஓடுபவன், அதுவும் மெதுவாக. வார இறுதியில் புதிதாக ஓட வருபவர்களோடு சேர்ந்து ஓடுவேன். உங்கள் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு வந்தவரை முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். வந்த வேகத்தில் பாய்வார். மூச்சிரைத்தாலும் நிற்க மாட்டார். "கொஞ்சம் நடக்கலாமே" என்றால் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்ப்பார். போன வருடம் ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே, "இப்பதான் அண்ணா சரியா பண்றேன்னு தோணுது" என்றார். மூன்றாவது வாரம் முழங்கால் வலி. அதோடு சரி, வரவில்லை. தனக்கு மனவுறுதி போதாது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நினைப்பை அவருக்குள் விதைத்தது உங்கள் நிகழ்ச்சி என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை முழுசாக ஓடினால் சுமார் 3,000 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700. அதாவது மாதக்கணக்கில் தயாராகி, கால் நகம் கறுத்து, மறுநாள் படியிறங்க முடியாமல் நொண்டினாலும் அரைக் கிலோ கொழுப்பு கரைந்திருக்காது. நாள்பட ஓடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த, கொஞ்சம் வயிற்றெரிச்சல் தரும் விஷயம் இது.

அப்படியானால் உங்கள் மேடையில் முதல் வாரமே ஏழெட்டுக் கிலோ இறங்குகிறதே, அது எப்படி? கனமான உடல், அரைப்பட்டினி, நாளுக்குப் பல மணி நேரப் பயிற்சி என்றால் கொழுப்பும் கரையத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் சரிவில் பெரும்பங்கு தண்ணீர். உடல் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் கிளைக்கோஜன் காலியாகும், தண்ணீரும் கூடவே போகும். இரண்டாவது வாரம் அப்படிப் போக மிச்சமில்லை. எண் அசையாது. உடனே பின்னணி இசை மாறுகிறது, பயிற்சியாளர் கத்துகிறார், போட்டியாளர் அழுகிறார். உடம்பு தன் வேலையைச் செய்ததற்கு மனிதர் திட்டு வாங்குகிறார்.

இதில் 'வாரம்' என்பதே எப்போதும் ஏழு நாள் இல்லை என்று முன்னாள் போட்டியாளர்கள் சிலர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய 'தி பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியின் முதல் சீசனில் வென்றவர், கடைசி நாட்களில் பட்டினி கிடந்து, உடலில் நீர் வற்ற வற்ற எடையைக் குறைத்ததாகவும், சிறுநீரில் ரத்தம் போனதாகவும் பிறகு ஒப்புக்கொண்டார். மேடையில் விழுந்த காகிதப் பூக்கள் அந்த உடம்பின் மேல்தான் விழுந்தன.

அதே நிகழ்ச்சியின் எட்டாவது சீசன் 2009இல் வந்தது. அதில் கலந்துகொண்ட 16 பேரில் 14 பேரை ஆறு வருடம் கழித்து மறுபடி அளந்து பார்த்தார், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர் கெவின் ஹால். முடிவுகள் 2016இல் வெளியாயின. போட்டி முடிந்தபோது சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தார்கள். ஆறு வருடத்தில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதைவிடக் கவலையான விஷயம், சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல். அது அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருடம் கழித்தும்! பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனும் போட்டி முடிவில் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. இப்படிப்பட்ட உடம்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எடை ஏறியதும் 'பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்' என்று ஊர் பேசும்படி விட்டுவிட்டார்கள்.

இந்த எண்களை நான் இன்னொரு விதமாகவும் பார்க்கிறேன். 58இல் 41 போனால் 17. சராசரியாக 17 கிலோ ஆறு வருடம் திரும்பாமல் நின்றிருக்கிறது. எந்த எடைக்குறைப்பு மருத்துவரிடம் கேட்டாலும் அது நல்ல பலன் என்றுதான் சொல்வார். ஆனால் 58 என்ற எண்ணை விளக்கு வெளிச்சத்தில் காட்டியாகிவிட்டது. அதன் பக்கத்தில் 17 தோல்வியாகத் தெரிகிறது. ஹால் குழு 2017இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், எடையை ஓரளவு தக்கவைத்தவர்கள் போட்டிக்கு முன்பிருந்ததைவிட அன்றாட உடலுழைப்பை வெகுவாகக் கூட்டிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. ஆக, ஓட்டமும் நடையும் வீண் இல்லை. எடையைத் தடாலடியாக இறக்குவதைவிட, இறங்கியதைப் பிடித்து வைப்பதற்கே அவை அதிகம் உதவுகின்றன. அந்தப் பிடித்து வைக்கும் வருடங்களைத்தான் நீங்கள் படமே எடுப்பதில்லை.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன், என் கோபம் அங்கேதான் அதிகம்.

எட்டாவது சீசனின் தொடக்கத்திலேயே போட்டியாளர்களைக் கடற்கரையில் ஒரு மைல் ஓடவிட்டார்கள். இரண்டு பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்குவது நின்றுவிட்டதே என்று தூரத்தைக் கூட்டுபவர்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். இந்த ஒரு தகவலை உங்கள் நிகழ்ச்சிகளில் எந்தப் பயிற்சியாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சில சீசன்களில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை முழு மாரத்தானே ஓட வைத்தார்கள். 2009இல் போட்டியாளர் ஒருவர் ஒரு மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் முடித்ததாகக் காட்டினார்கள். நடுவில் சுமார் மூன்று மைல் அவர் வண்டியில் போனது பிறகு வெளியே வந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் கிளைக்கோஜன் தீர்ந்து கால் கல்லாகும்போது, பக்கத்தில் கதவு திறந்து ஒரு வண்டி நின்றால் நானும் ஏறத்தான் பார்ப்பேன். அந்த வண்டியைக் காட்டியிருந்தால் அதுவே அந்த சீசனின் மிக நேர்மையான காட்சியாக இருந்திருக்கும். ஓட்டத்தில் பாதியில் நிறுத்தத் தெரிவதும் ஒரு திறமை. நீங்கள் அதை வெட்டிவிட்டு இசையைப் போட்டீர்கள்.

குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே நீண்ட தூரம் ஓடுவது எவ்வளவு ஆபத்து என்பதும் உங்கள் திரையில் வராது. தின்ற ஆற்றலுக்கு மேல் தொடர்ந்து செலவழித்தால் எலும்பில் விரிசல் விழலாம், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் நன்றாகச் சாப்பிடுபவர்கள். பயிற்சிக் காலத்தில் பலருக்கு எடை கூடுவதும் உண்டு, எனக்கே கூடியிருக்கிறது. அப்புறம், பயிற்சியில் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான், உலகத்தர வீரர்களுக்கும் அப்படித்தான். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே, சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது இடையிடையே நடந்து ஓடும் முறையை. நடை என்பது உங்கள் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தை, அவருக்கோ அது பயிற்சித் திட்டம்.

பொழுதுபோக்குதானே, மக்கள் ஊக்கம் பெறுகிறார்களே என்பீர்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 'தி பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியை 40 நிமிடம் பார்த்தவர்களிடம் பருமனானவர்கள் மீதான வெறுப்பு கூடியது தெரிந்தது. ஊக்கம் எங்கே போகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் மாட்டீர்கள். எடை மேடையில் ஏறும்போது, போன தடவை ஏறி எத்தனை நாள் ஆயிற்று என்று திரையின் மூலையில் போடுங்கள். அவர் அன்று என்ன சாப்பிட்டார், தண்ணீர் குடித்தாரா, எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார் என்பதையும் போடுங்கள். வென்றவரையும் முதல் வாரமே வெளியேறியவரையும் மூன்று வருடம் கழித்துத் தேடிப் போய்ப் பேசுங்கள், அதுவரை அவர்களுடைய மருத்துவச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

ஓட்டத்தைக் காட்ட ஆசையிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவோடு வாருங்கள். எங்கள் கூட்டத்தில் கடைசியாக வருபவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஒளிப்பதிவாளர் சாதாரணச் செருப்பு போட்டு வந்தாலே போதும், பாதி தூரம் நடைதான்.

இப்படிக்கு,
வரிசையின் கடைசியில் ஓடும் ஒருவன்