செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் திறந்திருக்கும் மென்பொருள்களுக்காகப் பாளையங்கோட்டையில் இயங்கும் நம் கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கம் கடந்த ஓராண்டில் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல மூன்றாம் ஞாயிறு மாலை நூலக மாடியறையில் நடந்தன. டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் ஏறியதால் அந்த மாதம் மட்டும் கூடவில்லை.

ஏப்ரல் கூட்டம் இன்னும் நினைவில் நிற்கிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தியை வெளியிட்டிருந்தார். வேறொரு கணினியிலிருந்து பாதுகாப்பாக இணைய உதவும் எஸ்.எஸ்.எச். வழி தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று தோண்டிப் பார்த்திருக்கிறார். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தது தெரிந்தது. அதை வைத்த ஆள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளர்போல உதவி, நம்பிக்கை சம்பாதித்து உள்ளே வந்தவர். மூலநிரல் திறந்திருந்ததால்தான் ஃப்ராய்ண்டால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. ஆனால் உலகமே நம்பியிருந்த அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒரே ஒரு தன்னார்வலர் களைத்துப்போய்க் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கேட்டபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தோம். ஒவ்வொரு உறுப்பினரும் தான் தினமும் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு ஆண்டுக்கு ஒரு உதவியாவது செய்ய வேண்டும்: மொழிபெயர்ப்பு, பிழையறிக்கை, நன்கொடை, எதுவானாலும் சரி. பாதிப் பேர் செய்திருக்கிறார்கள். மீதிப் பேருக்கு இந்த அறிக்கையே நினைவூட்டல்.

அடுத்து கணினி மாற்றும் வேலை. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் நன்றாக ஓடும் பழைய கணினிகள் பலவும் தகுதியில்லாமல் போகின்றன. ஒரு பள்ளியிலிருந்து கேட்டு வந்தார்கள். அங்கே 14 கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தோம். நிறுவுவதற்கு ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தமிழாசிரியை பத்து ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். டீச்சர் அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்கள். "ஒண்ணும் அழியல டீச்சர், எல்லாம் உள்ளதான் இருக்கு" என்று சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

நம் கல்லூரி மாணவர்கள் இருவர் மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும், ஒரு எழுத்துருவை மட்டும் நம்பியிராத பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினார்கள். ஒரே கோப்பில் ஆங்கிலமும் கலந்து வரும் இடங்களை எந்த மாற்றும் மென்பொருளும் சரியாகப் பிரிக்கவில்லை. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல். இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு பள்ளியின் நினைவு முழுவதும் ஒரு எழுத்துருக் கோப்பை நம்பி இருந்தது என்றால், நாம் பேசும் திறந்த தரப்பாடு யாருக்குத் தேவை என்று இனி விளக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியை இப்போது தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறார்கள். சங்கத்திலும் சேர்ந்திருக்கிறார்கள்.

ஜனவரி 3 அன்று டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. கருத்துச் சொல்ல முதலில் பிப்ரவரி 18, பிறகு மார்ச் 5 வரை நேரம் தந்தார்கள். இரண்டு ஞாயிறுகள் கூடுதலாகக் கூடி வாசித்தோம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்ற விதியில்தான் அதிக நேரம் போயிற்று. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் பிள்ளைதான் இயக்கிக் காட்ட வேண்டும் என்ற வீடுகள் நம்மைச் சுற்றி எத்தனை இருக்கின்றன! அந்த வீடுகளை வைத்தே நம் கருத்தை எழுதினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(j) பிரிவை இந்தச் சட்டம் திருத்துவது பற்றிய கவலையையும் சேர்த்து அனுப்பினோம். மக்கள் அனுப்பும் கருத்துகளை வெளியிடப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அப்படிச் செய்வதில்லை, வந்ததை எல்லாம் எல்லாரும் பார்க்க வைக்கிறது. அந்த வித்தியாசத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

டிராய் என்றதும் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஆலோசகர் பொறுப்பிலிருந்து அவர் இந்த ஆண்டோடு விலகி, கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். அறிக்கையில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அண்ணாச்சி இங்கே பிரவுசிங் சென்டர் போட்டது 1999-இல். மணிக்கு 50 ரூபாய் என்று போர்டு இருக்கும். மாணவர்களிடம் அவர் முழுசாக வாங்கியதே இல்லை. கணினிப் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் தொடங்கின. நானும் அந்த வகுப்புக்கு வந்தவன்தான். ஒரு மென்பொருளைக் கற்றுத் தருகிறார் என்றுதான் நினைத்தேன். கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கற்றுத் தந்தார் என்று பிறகுதான் புரிந்தது.

2015 மார்ச் 27 அன்று டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்விகள். எந்தச் செயலிக்கு எந்தக் கட்டணம், எந்தத் தளத்துக்கு எந்த வேகம் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தீர்மானிக்கலாமா என்பதுதான் சாரம். அண்ணாச்சி அதை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, ஆளுக்குப் பத்துப் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். நாடு முழுவதிலுமிருந்து 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போன அந்த ஏப்ரலில் நம் ஊரிலிருந்து போனவையும் உண்டு. அந்த டிசம்பரில் டிராய் நாலு கேள்விகளோடு இன்னொரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அப்போதுதான், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் விவகாரம் வந்தது. ஒரே அச்சில் வார்த்த ஆதரவு மனுக்கள் டிராயில் குவிந்தன. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராயே சொன்னது. "நாலு கேள்வி கேட்டிருக்கான், நாலுக்கும் பதில் எழுதுங்கல" என்பதுதான் அண்ணாச்சி எங்களிடம் சொன்னது. தளத்துக்குத் தளம் கட்டணம் மாற்றக் கூடாது, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் என்று 2016 பிப்ரவரி 8 அன்று விதி வந்தது. அன்று சென்டரில் எல்லாருக்கும் அல்வா.

2018-ஐ நம் மாவட்டம் மறக்காது. தூத்துக்குடியில் மே 22-இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக இணைய வழிக்கு மாறிய ஆண்டு அது. விண்ணப்பிக்க வேண்டிய மாதமும் அதுவே. அண்ணாச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, மாவட்ட எல்லை தாண்டி சாத்தூர் வரை போய், அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் அப்படிப் போனார். யார் வந்தார்கள், என்ன தொலைந்தது, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். கோபத்தை எழுதி வைத்தால் மறுநாள் அது சான்று என்பார்.

அந்த நோட்டு இந்த ஆண்டும் பயன்பட்டது. இணைய நிறுத்தத்துக்கான புதிய விதிகள் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆணை எழுத்தில், காரணத்தோடு, வெளியிடப்பட வேண்டும்; 15 நாளுக்கு மேல் போகக் கூடாது; மறுஆய்வுக் குழு 5 நாளுக்குள் கூடிப் பார்க்க வேண்டும். ஆணைகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்றே அனுராதா பசின் வழக்கில் சொல்லியிருந்தது. இவற்றை இரண்டு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையாக்கி, கூடவே அந்த நோட்டிலிருந்து பெயர்களை நீக்கி மூன்று அனுபவங்களைச் சேர்த்து அச்சடித்தோம். விதியை மட்டும் கொடுத்தபோது மடித்துப் பையில் வைத்தவர்கள், சாத்தூர் பஸ் கதையைப் படித்ததும் நின்று பேசினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரை மண்டபங்களைப் படமெடுத்து யாரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையத் தொகுப்பான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவதாகச் சென்ற பேரவையில் சொன்னோம். இரண்டு நடையோடு நின்றுவிட்டது. பெண் உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடியிருந்தாலும் மாலைக் கூட்டம் அவர்களுக்கு வசதிப்படவில்லை என்ற புகார் நியாயமானது. காலைக்கு மாற்றும் தீர்மானம் இன்று முன்வைக்கப்படும்.

அறையைத் தந்த நூலகத்தாருக்கும், துண்டறிக்கையை அடக்க விலைக்கு அச்சடித்துத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. அண்ணாச்சி மூன்று அட்டைப்பெட்டி நிறைய ஆவணங்களை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்: பழைய மனுக்கள், டிராய் அச்சுப்பிரதி, 2018 நோட்டு. நோட்டின் ஓரங்கள் நைந்துவிட்டன. அடுத்த ஞாயிறன்று ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பெயர்களை மறைத்தபின் எந்தப் பக்கங்களைப் பொதுவில் வைப்பது என்று அவர் ஊரில் இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.

செயலாளர்