மழைக்கு முன்னால் கண்மாயை ஒருமுறை நடந்து பாருங்கள்: ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சித் தலைவர்களுக்கும், தேர்தல் நடக்காத ஊர்களைக் கவனித்துவரும் தனி அலுவலர்களுக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் பொருள் குறிக்கத் தொடங்கியிருப்பீர்கள். வரவு செலவு, குடிநீர், தெருவிளக்கு, டெங்குத் தடுப்பு என்று வழக்கமானவை இருக்கும். அவற்றோடு இன்னொன்றையும் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். உங்கள் ஊர்க் கண்மாயிலும் ஊருணியிலும் பிள்ளைகள் மூழ்கிச் சாகக்கூடிய குழி எங்கெங்கே கிடக்கிறது, மழை இறங்குவதற்குள் அதைச் சரிசெய்யப்போவது யார்?

நான் சிவகங்கை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். ஒரு குழந்தைக்கு ஒரு தவணைத் தடுப்பூசி தவறினால் மேலிடத்திலிருந்து ஏன் என்று கேள்வி வரும். அதே குழந்தை கண்மாயில் மூழ்கிச் செத்தால் ஒரு வழக்குப் பதிவு, செய்தித்தாளில் நாலு வரி, நிவாரண அறிவிப்பு. ஏன் என்ற கேள்வி மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் வராது.

கேள்வி வந்தால் வேலை நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, மாநிலமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுத பிறகுதான் ஊர் ஊராக அந்தக் கிணறுகளைத் தேடி மூடினார்கள். கண்மாயில் மூழ்கும் பிள்ளைக்கு நேரலை கிடையாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

பழைய கண்மாய்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. உள்வாய்ப் பக்கம் கணுக்கால் அளவில் தொடங்கி, முழங்கால், இடுப்பு என்று படிப்படியாக இறங்கி, மடையருகே ஆழம் கூடும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது காலாலேயே தெரியும். இப்போது வண்டல், சவுடு என்ற பெயரில் பொக்லைன் இறங்குகிறது. மண் நன்றாக இருக்கும் இடத்தில் நேர்க்குத்தாக வெட்டி அள்ளிவிட்டு, அப்படியே விட்டுப் போகிறார்கள். ஐப்பசியில் தண்ணீர் பெருகியதும் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிகிறது. முழங்கால் தண்ணீரில் நடந்துவரும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்துக்குள் போய்விடுகிறது. பக்கச் சுவர் களிமண், பிடித்து ஏற முடியாது. கை நீட்டிய அண்ணனும் உள்ளே போகிறான். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தே சாகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அதற்கு விதியை இழுக்க வேண்டியதில்லை.

ஆகவே, மண் எடுத்தவரின் கடைசி வண்டி கரையேறும் முன் ஊராட்சி சார்பில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். குழியின் விளிம்புகளைச் சரிவாக்காமல் இயந்திரத்தை வெளியே விடாதீர்கள். ஏற்கெனவே கிடக்கும் குழிகளின் நான்கு மூலையிலும் நீர்மட்டத்துக்கு மேல் தெரியும்படி நீளமான மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். எச்சரிக்கைப் பலகை மட்டும் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது, பத்து வயதுப் பிள்ளை படித்துவிட்டுத்தான் குதிக்கும். கண்மாய் நீர்வளத் துறையுடையது, எங்களுக்கு அதிகாரமில்லை என்று சிலர் சொல்வீர்கள். தீர்மானம் நிறைவேற்றி அந்தத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புவதை யார் தடுக்கப்போகிறார்கள்?

சின்னஞ்சிறுசுகளின் கதை வேறு. 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாதவர். இந்த வயதில் கண்மாய்கூட வேண்டியதில்லை, மூடாத தரைத்தொட்டியும் அரை வாளித் தண்ணீரும் போதும். உடம்பின் அளவுக்குத் தலை கனமானதால் குப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது. சத்தமும் வராது. கூப்பிட்டால் ஓடிப்போகலாம் என்று அடுப்படியில் நிற்கும் தாய்க்குக் கூப்பிடும் குரலே கேட்காது.

தாயைத் திட்டுவது நமக்குச் சுலபமாக வருகிறது. அவள் வேலைக்குப் போகும் முற்பகல் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வங்கதேசத்தில் கிராமத்துப் பெண் ஒருவரையே பொறுப்பாக வைத்து, முற்பகலில் மட்டும் சிறு காப்பகம் நடத்திப் பார்த்தார்கள். அங்கே சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நம் ஊரில் அங்கன்வாடி இருக்கிறது. அது நேரத்துக்குத் திறக்கிறதா, இரண்டு வயதுப் பிள்ளைகள் அங்கே வருகிறார்களா என்று பாருங்கள். பணித்தளத்தில் சிறு குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பெண்ணை அவர்களைக் கவனிக்கவே ஒதுக்க வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். பல ஊர்களில் அந்தப் பணித்தளமே கண்மாய்தான்! வேலை எந்தத் திட்டத்தின் பெயரில் நடந்தாலும் அந்த ஏற்பாட்டையாவது விட்டுவிடாதீர்கள்.

கிணற்றுப் பாசனம் இருந்தவரை அப்பனோ மாமனோ முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்கினார்கள், அதுவும் பையன்களுக்கு. ஆழ்துளைக் கிணறு வந்தபின் அதுவும் போயிற்று. கோடை விடுமுறையில், ஆழம் தெரிந்த படித்துறையில், நீச்சல் தெரிந்த பெரியவர்களை வைத்துப் பழக்கலாம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயதுக்கு வந்த பெண் எப்படிக் கண்மாயில் இறங்குவது என்று கேட்பவர்கள், ஏழு வயதில் இறக்கிவிடட்டும்.

இன்னொன்று, இதைக் கிராம சபையில் உரக்கச் சொல்லுங்கள்: மூழ்குகிறவரைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, வாய் மூடிய வெறும் பிளாஸ்டிக் கேன், எது கைக்குக் கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அது வீணாகும் நேரம், வாந்தி நுரையீரலுக்குள் போகவும் இடமாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு நடு நெஞ்சை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியரை வரவழைத்துக் கிராம சபையிலேயே பொம்மை வைத்துச் செய்து காட்டச் சொல்லலாம். கேட்டால் வருவார்கள்.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு முந்தைய வாரம் மீன் பிடிப்பவர் ஒருவரையும் ஆடு மேய்ப்பவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கண்மாயைச் சுற்றி நடந்துவாருங்கள். எந்தக் குழி எங்கே என்று அவர்கள் சொல்வார்கள். பட்டியலைக் கூட்டத்தில் படித்து, பொறுப்பாளர் பெயரையும் முடிக்கும் தேதியையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள். நவம்பர் 1 கூட்டத்துக்குத் தள்ளிவைத்தால் அதற்குள் கண்மாய் பெருகிவிடும். குழியைப் பார்க்கத் தண்ணீரில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சிவகங்கை மாவட்டம்