பஞ்சாலை வாசலில் ஊதிய கார்னெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துப் பகுதியின் பஞ்சாலைகளுக்குப் பிழைக்க வந்த பிரெஞ்சுக் கனடியர்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1840க்கும் 1930க்கும் இடையே, பிரெஞ்சு பேசும் கனடிய மாகாணமான கியூபெக்கிலிருந்து ஏறக்குறைய 9 லட்சம் பேர் எல்லை தாண்டிய கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் தறிச் சத்தத்தில் வாயடைத்துப் போன மக்களாக அவர்களைக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் குடியிருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரும் அப்படி ஓர் ஆலை ஊர்தான். இங்கே ஒரு காலத்தில் தறிச் சத்தத்துக்கு இணையாகப் பாண்டு சத்தமும் கேட்டது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறிய குழல்) முதலான பித்தளை ஊதுகருவிகளும் டிரம்மும் சேர்ந்த பாண்டு செட்டை அவர்கள் 'ஃபான்ஃபார்' என்றார்கள். லோவெல், லூயிஸ்டன், பிடெஃபோர்டு, ஊன்சாக்கெட் என்று பிரெஞ்சு பேசும் தெருக்கள் இருந்த ஊர்களிலெல்லாம் இப்படிப் பாண்டுகள் இருந்தன. சிலவற்றுக்குப் பாண்டு மாஸ்டரின் பெயர், சிலவற்றுக்கு இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் பெயர். பகலெல்லாம் ஆலையில் நின்றவர்கள் இரவில் உட்கார்ந்து ஸ்வரம் படித்திருக்கிறார்கள்.

அவர்கள் எதற்காக ஊதினார்கள் என்பது புரிய வேண்டுமானால் 1881ஆம் ஆண்டை நினைக்க வேண்டும். அந்த ஆண்டு மாசசூசெட்ஸ் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் அறிக்கை இந்த மக்களைக் 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்று எழுதியது. கூலிக்கு வந்து கூலியோடு போகிறவர்கள், ஊரோடு ஒட்டாதவர்கள் என்பது அதன் பொருள். சீனர்களையும் சேர்த்தே இழிவுபடுத்திய வாசகம் அது. ஜூன் 24, பிரெஞ்சுக் கனடியர்களின் பெருநாளான திருமுழுக்கு யோவான் திருநாளன்று, சீருடையும் தொப்பியும் அணிந்து, ஊரின் பெரிய தெரு வழியே, முதலாளிகளின் வீடுகளைக் கடந்து இந்தப் பாண்டுகள் நடந்தன. அறிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான பதில் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

கட்டுரையாளர் தவறவிட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கலிக்ஸா லவாலே. கியூபெக்கில் 1842இல் பிறந்தவர். அப்பாவே பாண்டு நடத்தியவர். மகன் எல்லை தாண்டி வந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் ரோட் ஐலண்டின் 4ஆவது படைப்பிரிவுப் பாண்டில் சேர்ந்து, 1862இல் ஆன்டீட்டம் போர்க்களத்தில் காயம்பட்டார். 1867இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது லோவெல் என்ற ஆலை ஊரில். பிறகு கியூபெக் திரும்பி, 1880இல் அதே யோவான் திருநாளுக்காக ஒரு மெட்டுப் போட்டார். இன்று கனடாவின் தேசிய கீதமாக இருப்பது அந்த மெட்டுதான். அதை முதலில் ஒலிக்கச் செய்தவையும் பாண்டுகளே. ஆனாலும் சொந்த மண்ணில் அவருக்குப் பிழைப்பு அமையவில்லை. பாஸ்டனுக்கு வந்து 1891இல் அங்கேயே இறந்தார். அவருடைய உடல் மான்ட்ரியலுக்குப் போய்ச் சேர 1933 ஆனது. தேசிய கீதம் தந்த மனிதரே பிழைப்புக்காக எல்லை கடந்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஊர்வலம் ஒரு பாதிதான். மறுபாதி நடனம். நாள் முழுக்கத் திருநாள் பவனியில் ஊதியவர்களில் சிலர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ராத்திரி குவாட்ரில் ஆட்டத்துக்கும் வால்ட்ஸுக்கும் வாசித்தார்கள். பவனிக்கு ஆசி கொடுத்த பங்குச் சாமியார்களுக்கு ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவது பிடிக்காது. விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம் முழுக்க ஆட்டம் கிடையாது. அதனால் அதற்கு முந்தைய இரவுகளில் ஆடித் தீர்த்தார்கள்.

வானொலி வந்தபோது இந்த ஆலை ஊர்களிலிருந்தே ஒருவர் அதை ஆண்டார். ரூடி வாலே, 1901இல் வெர்மான்ட்டில் பிறந்து, மெயின் மாநிலத்துக் காகித ஆலை ஊரான வெஸ்ட்புரூக்கில் வளர்ந்தவர்; தந்தை வழியில் பிரெஞ்சுக் கனடியர். சாக்ஸபோன் வாசித்தபடி நடனப் பாண்டு நடத்தி, 1929 முதல் வானொலியில் நாடெங்கும் புகழ் பெற்றார். அவர் பெயரைச் சொன்னால் பிரெஞ்சு வேர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

1919இல் மெயின் மாநிலம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே பயிற்றுமொழி என்று சட்டம் போட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு, இவர்களைப் போன்ற கத்தோலிக்கரை எதிர்த்து அங்கே ஊர்வலம் போனது. அந்தக் காலத்திலேயே, 1924இல், லூயிஸ்டனில் 'மான்ட்டன்யார்' என்ற பனிக்காலணிச் சங்கம் (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலக் காலணி அணிந்து நடப்பவர்களின் சங்கம்) தொடங்கியது. மறு ஆண்டு கியூபெக்கிலிருந்து சங்கங்கள் வந்து சேர்ந்தன. வண்ணக் கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக ஊரே திரண்டு நடந்தது. வகுப்பறையில் அடக்கியதைத் தெருவில் அடக்க முடியவில்லை.

இத்துடன் ஒரு புகைப்படம் இணைத்திருக்கிறேன். பழைய பொருள் சந்தையில் 3 டாலருக்கு வாங்கினேன். படியில் வரிசையாக 22 ஆண்கள். பேஸ் டிரம்மில் பிரெஞ்சு எழுத்துகள் பாதி அழிந்திருக்கின்றன. பின்புறம் பென்சிலால், 'என் மாமா, இடமிருந்து மூன்றாவது' என்று பிரெஞ்சில் இருக்கிறது. அவர்கள் மொழியில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல்தான். பெயர் எழுதப்படவில்லை. அடுத்த இதழில் இந்தப் படத்தை வெளியிட வேண்டுகிறேன். மூன்றாவது ஆளின் கையில் இருப்பது கார்னெட்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
மான்செஸ்டர், நியூ ஹாம்ப்ஷயர்