சனிக்கிழமை சாயந்தர பஸ்ஸ 4.40க்கு மாத்தித்தாங்க: கலெக்டர் அய்யாவுக்கு நாலாவது மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: சத்துணவு சமையல் உதவியாளர், பிளஸ் டூ படிக்கிற பொண்ணோட அம்மா
பார்வை: என்னோட ஜூலை, செப்டம்பர், நவம்பர் மனுக்கள் (மூணுக்கும் ரசீது இருக்கு)

மரியாதைக்குரிய அய்யா அவர்களுக்கு வணக்கம்.

மொத மூணு மனுவையும் திங்கட்கிழமை குறைதீர் நாள்ல வரிசையில நின்னுதான் குடுத்தேன். ரெண்டுக்கு பதிலே இல்ல. மூணாவதுக்கு போன்ல மெசேஜ் வந்துச்சு, "நீட் தேர்வு ஒன்றிய அரசு தொடர்பானது, மனு முடித்து வைக்கப்பட்டது"ன்னு. நான் கேட்டது சனிக்கிழமை இலவச நீட் பயிற்சிக்கு போற புள்ளைங்க திரும்பி வர்றதுக்கு பஸ்ஸுங்கய்யா. மேல நீட்னு ஒரு வார்த்தைய பாத்ததும் மூடி வச்சிட்டாங்க போல. அதான் இந்த தடவ தலைப்புலயே பஸ்ஸுன்னு போட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.

1. 2021 எலெக்‌ஷன் அப்போ, ஆட்சிக்கு வந்தா மொத சட்டசபை கூட்டத்துலயே நீட்ட எடுக்க சட்டம் கொண்டு வருவோம்னு திமுக தேர்தல் அறிக்கையில போட்டாங்க. அப்ப எம்பொண்ணு ஏழாவது. நீட் பாதிப்ப ஆராய அரசு போட்ட ஏ.கே.ராஜன் குழு அறிக்கை குடுத்து, செப்டம்பர்ல சட்டசபையில நீட் விலக்கு மசோதா நிறைவேறினப்ப எட்டாவது. பிப்ரவரியில கவர்னர் திருப்பி அனுப்பி, அதே மாசம் மறுபடி நிறைவேத்தி அனுப்புனாங்க, அப்பவும் எட்டாவதுதான். 2023ல நீட் வேணாம்னு அம்பது நாள்ல அம்பது லட்சம் கையெழுத்துன்னு வந்தாங்களே, அதுல என் கையெழுத்தும் ஒண்ணு, அவ பத்தாவது. 2025 ஏப்ரல்ல ஜனாதிபதி ஒப்புதல் தரலன்னு முதலமைச்சரே சட்டசபையில சொன்னாரு, அப்பதான் பிளஸ் ஒன் பப்ளிக் எழுதி முடிச்சிருந்தா. ஆகஸ்ட்ல அந்த பிளஸ் ஒன் பப்ளிக்கையே எடுத்துட்டாங்க, நல்லதுதான், ஆனா கடைசி பேட்ச் இவளோடது. எந்த ரத்து வந்தாலும் இவ அந்த வகுப்ப தாண்டுன பெறகுதான் வருது.

முயற்சியே பண்ணலன்னு நான் சொல்லலங்கய்யா. ரெண்டு தடவ நிறைவேத்தினாங்க, எனக்கும் தெரியும். ஆனா மே மாசம் வந்தா பரீட்ச வந்துடும்ல.

2. ஆறாவதுல இருந்து இதே ஸ்கூல்லதான் படிக்கிறா, அரசு பள்ளி புள்ளைங்களுக்கு மருத்துவப் படிப்புல 2020ல வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்ட நம்பித்தான் இங்கயே தொடர்ந்து படிக்க வச்சேன். அதுக்கும் நீட் பாஸ் பண்ணணும். வெளிய கோச்சிங் சேத்துவிட என் சம்பளத்துல முடியாது. இருக்கறது சனிக்கிழமை இலவச பயிற்சி ஒண்ணுதான்.

3. அந்த பயிற்சி மையம் எங்க ஊர்ல இருந்து 22 கிலோமீட்டர். நம்ம ரூட்டு உங்களுக்கே தெரியும், ஏரிக்கரை தாண்டி நாலு ரோடு ஸ்டாப்புல எறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்கணும், போன மழையில கரை ஒடஞ்சப்ப நீங்களே வந்து பாத்த எடந்தான். காலையில 6.40 பஸ்ஸுல போயிடுறாங்க, அது பரவால்ல. கிளாஸ் முடியறது 4.15. திரும்ப வர்ற பஸ்ஸு நாலு ரோட்ட 4.10க்கு தாண்டிடுது. கிளாஸ் முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிங்கய்யா, வெறும் அஞ்சு நிமிஷம்! அடுத்த பஸ்ஸு 7.15க்கு. மூணு மணி நேரம் பொம்பளப் புள்ளைங்க அந்த ஸ்டாப்புல நிக்கிறாங்க. ஸ்டாப்புக்கு கூரை பாதிதான் இருக்கு, லைட் எரியல, எதிர்ல ஒயின்ஷாப். நவம்பர்ல ஒரு சனிக்கிழமை பேய்மழை, பூட்டியிருந்த ஜெராக்ஸ் கடை தாழ்வாரத்துல ஒண்டி நின்னிருக்காங்க, எம்பொண்ணு பயாலஜி புக்க அரிசிப் பைக்குள்ள சுத்தி வயித்தோட அணைச்சு வச்சிருந்தா, வீட்டுக்கு வர எட்டர. புக்கு நனையல, இவ தொப்பலா நனைஞ்சு நாலு நாள் காய்ச்சல். அங்க டீக்கடை வச்சிருக்க அண்ணன் இவங்களுக்காகவே கடைய மூடாம வச்சிருக்காரு, அந்த பல்பு வெளிச்சத்துலதான் 180 கேள்வி பேப்பர போட்டு பாக்குறாங்க. ஒருத்தன் பைக்க நிறுத்தி "டாக்டரம்மா"ன்னு கிண்டல் பண்ணிட்டு போயிருக்கான். இத கேட்டதுல இருந்து எனக்கு சனிக்கிழமை சாயந்தரம் ஆனாலே சோறு எறங்கல. ஜூலையில ஆறு பொண்ணுங்க போனாங்க, இப்ப மூணு. நின்ன மூணு பேரும் படிப்பு ஏறாம நிக்கல, வீட்ல பயந்து நிறுத்திட்டாங்க.

4. கிளாஸ கால் மணி நேரம் முன்னாடி விடச் சொல்லுங்கன்னு மையத்துல கேட்டேன், டெப்போவுல கேளுங்கன்னாங்க. டெப்போவுல கேட்டா மேல இருந்து ஆர்டர் வரணும்னாங்க. மேலன்னா நீங்கதானே?

5. இல்லன்னா எங்க ஸ்கூல்லயே ஹைடெக் லேப் இருக்கு, நான் தெனம் அத தாண்டித்தான் சமையல் கூடத்துக்கு போறேன், சனிக்கிழமை பூட்டுதான் தொங்குது. பாதி கிளாஸ் அங்கயும் திரையிலதான் ஓடுதாம். அத எங்க ஊர் திரையில ஓடவிட்டா ஆகாதா?

6. பஸ்ஸுங்கய்யா. 4.10ஐ 4.40 ஆக்குங்க. சனிக்கிழமை மட்டும். மே வரைக்கும் மட்டும். நான் சட்டம் கேக்கல, கவர்னர் கையெழுத்து கேக்கல, டெல்லிக்கு எதுவும் அனுப்ப வேணாம், ஓடுற பஸ்ஸு அர மணி நேரம் நின்னு வரணும், இதுக்கு ஒரு தாய் நாலு மனு எழுதணுமா? ஒரு சனிக்கிழமை உங்க ஆபீஸ்ல யாராவது அஞ்சு மணிக்கு அந்த ஸ்டாப்புல வந்து நின்னு பாக்கட்டும்.

கோவத்துல எழுதிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க. இதனால என் சத்துணவு வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னு வீட்ல பயப்படுறாங்க. பஸ்ஸ மட்டும் மாத்தித்தாங்க அய்யா, கும்புட்டு கேக்குறேன்.

இணைப்பு: பழைய மனு ரசீது மூணு, மூடிட்டோம்னு வந்த மெசேஜ் பிரிண்ட் ஒண்ணு, ஆறு பெற்றோர் கையெழுத்து. நிறுத்திட்ட மூணு வீட்டுக்காரங்களும் போட்டிருக்காங்க, பஸ்ஸு மாறுனா அடுத்த சனிக்கிழமையே அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க.