செய்முறைத் தேர்வில் மாணவர் எடுத்த அளவீட்டுக்கே மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத் தேர்வுக்கான செய்முறைத் தேர்வுகள் நெருங்கும் நேரத்தில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலூர் மாவட்டப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் அறிவியலில் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். அந்த மதிப்பெண் அவர்களிடம் எதை அளந்தது என்ற கேள்வியை ஆசிரியர் அறையில்கூட யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் புறத் தேர்வாளராக ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். மீட்டர் சமனச் சுற்றைக் கொண்டு கம்பிச் சுருளின் தன்மின்தடை எண்ணை (கம்பியின் பொருள் மின்னோட்டத்தை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்று காட்டும் எண்ணை) காணும் சோதனை ஆறு பேருக்கு வந்திருந்தது. கம்பியின் விட்டத்தை அளக்க ஒரே ஒரு திருகு அளவி. அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பயன்படுத்தினார்கள். ஐந்து தாள்களில் விட்டம் 0.50 மில்லிமீட்டர், சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழை) இல்லை என்று ஒன்றுபோல் இருந்தது. ஆறாவது தாளில் ‘சுழிப்பிழை +5 பிரிவுகள்’ என்று பென்சிலில் எழுதி அழித்த தடம் தெரிந்தது. அதன் மேலேயே, மற்ற ஐவரும் எழுதியது பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அளவியை வாங்கி, இரு முனைகளும் தொடும்வரை திருகிப் பார்த்தேன். சுழலும் தலைக்கோலின் சுழி, நிலையான புரிக்கோலின் வரைகோட்டுக்குக் கீழே ஐந்து பிரிவு தள்ளி நின்றது. அந்தப் பெண் முதலில் எழுதியதுதான் சரி. “ஏனம்மா அழித்தாய்?” என்று கேட்டேன். “எல்லாருக்கும் இல்லைன்னு வந்திருக்கு சார், ரெக்கார்டு நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு” என்றாள்.

அந்த ஐந்து பிரிவு சிறிய விஷயம் அன்று. ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர் என்பதால் உண்மையான விட்டம் 0.45 மில்லிமீட்டர்தான். தன்மின்தடை எண்ணைக் கணக்கிடும்போது கம்பியின் ஆரத்தின் வர்க்கம் வருவதால், பிழையைக் கழிக்காதவருக்கு விடை ஏறத்தாழ 23 சதவீதம் கூடிவிடும். ஆனாலும் ஐந்து தாள்களிலும் இறுதி விடை, பாடநூலில் உள்ள மதிப்புக்கு மிக அருகில் இருந்தது. விடையை முதலில் எழுதிக்கொண்டு அதற்கேற்ப அளவீடுகளைப் பின்னோக்கி நிரப்பினால் மட்டுமே அப்படி வரும். ஆறு பேருக்கும் முழு மதிப்பெண் போடும்படி பள்ளியில் கேட்டுக்கொண்டார்கள், நானும் இணங்கினேன். உண்மையாக அளந்த ஒருத்திக்கும் அளக்காத ஐவருக்கும் ஒரே எண்ணைப் போட்ட அந்தக் கையெழுத்து இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

பிள்ளைகளுக்கு உதவுவதாக எண்ணித்தான் ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளி, ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பு, உடைந்த கருவிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஈடாக இந்தத் தாராளம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே அவர்கள் வாதம். ஆனால் இதனால் யாருக்கு இழப்பு என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மேல்நிலை இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாறியுள்ள சி.பி.எஸ்.இ. முறையில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் செய்முறைக்கு 30. எல்லாருக்கும் முழுமையாக வழங்கப்படும் மதிப்பெண் எவரையும் எவரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. ஆகவே மாணவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதையும் எழுத்துத் தேர்வே தீர்மானிக்கிறது. கைத்திறனும் கூர்ந்து பார்க்கும் கண்ணும் இருந்து, கோவையாக எழுத வராத பிள்ளைக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள இருந்த ஒரே வாய்ப்பும் அதனால் போய்விடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு பையன் எனக்கு மாணவனாக இருந்தான். கடலூர் துறைமுகத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பிலிருந்து வருவான். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைக் கூறுக என்றால் இரண்டாவது வரியில் தடுமாறி நின்றுவிடுவான். தேர்வில் அந்த வினாவுக்குச் சுழிதான். ஒரு மழைக்காலத்தில், வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, “வெள்ளம் வந்தா உப்பனாத்துல தண்ணி நல்ல தண்ணியாயிடும் சார், அப்போ எங்க போட்டு ஒரு விரக்கடை கூட அமுங்கும், கடலுக்குள்ள போனா எழும்பிடும்” என்றான். ஏன் என்று கேட்டேன். “உப்புத் தண்ணி கனம் சார், கொஞ்சம் தள்ளினாலே போட்டைத் தாங்கிடும்” என்றான். ஆயிரம் கிலோ எடையுள்ள படகு நன்னீரில் ஆயிரம் லிட்டர் நீரை இடம்பெயர்க்கும். ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ நிறையுள்ள கடல்நீரில் 976 லிட்டர் போதும். அவன் சொன்னது இதைத்தான். வரையறையை அட்சரம் பிசகாமல் எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றவர்களில் எத்தனை பேர் இதற்கு விடை சொல்லியிருப்பார்கள் என்று மறுநாள் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இது என் வகுப்போடு நிற்கும் குறையும் அன்று. பதினைந்து வயது மாணவர்களுக்கான பன்னாட்டு மதிப்பீடான பீசாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. இரண்டும் பட்டியலின் அடிமட்டத்திலேயே இடம்பெற்றன. வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று அப்போது சொல்லப்பட்டது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நம் சூழலிலிருந்தே எடுத்த படகுக் கேள்விக்கும் என் வகுப்பில் விடை வரவில்லையே. பாடத்தின் பின்பக்க வினாவாக, புக் பேக் கேள்வியாக, ஏற்கெனவே பார்த்த வடிவத்தில் வராத எதையும் எதிர்கொள்ள நாம் அவர்களைப் பழக்கவில்லை.

2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பகிர்வு நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் நாற்பதில் ஒரு பகுதி பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து ஒட்டிய சார்ட்டுக்கும், பெற்றோர் செய்து கொடுத்த மாதிரிக்கும் போயிற்று. மாணவர் எங்கே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று ஆசிரியர் கண்டுகொண்டு, அடுத்த வாரப் பாடத்தை மாற்றிக்கொள்வதற்காக வந்த ஏற்பாடு அது. பதிவேட்டை நிரப்பும் வேலையாக அது சுருங்கியதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பதிவேட்டை வந்து பார்த்த அதிகாரிகள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை. மேல்நிலை அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணிலும் வருகைப் பதிவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பள்ளிக்கு ஒழுங்காக வருவது நல்ல பழக்கம்; அது இயற்பியல் அறிவாகாது.

சி.பி.எஸ்.இ. முறையில் திறன் அடிப்படையிலான வினாக்களுக்குப் பாதியளவு இடம் தரப்பட்டிருப்பதை வரவேற்கிறேன். எனினும் புதுச்சேரியில் உள்ள ஆசிரிய நண்பர்கள் சொல்லும் ஒரு கவலையை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு பத்தி முழுக்க ஆங்கிலத்தில் ஒரு நிகழ்வை விவரித்துவிட்டு அதன் கீழ் நான்கு வினாக்கள் கேட்கும்போது, எட்டாம் வகுப்புவரை தமிழில் அறிவியல் படித்து வந்த பிள்ளை பத்தியைக் கடப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைக்கு மின்னோட்டம் புரியவில்லையா, வாக்கியம் புரியவில்லையா என்பதை அந்த விடைத்தாள் சொல்லாது. அறிவியல் வினா குறுகிய, எளிய வாக்கியங்களில் இருக்க வேண்டும்; முடிந்தவரை படமோ அட்டவணையோ அந்தப் பத்தியின் வேலையைச் செய்ய வேண்டும். நம் மாநிலத் தேர்விலும் விடைக்குறிப்பில் உள்ள சொல் வரவில்லை என்பதற்காக, சொந்தச் சொற்களில் சரியாக விளக்கிய விடைக்கு மதிப்பெண் மறுக்கப்படுவதை விடைத்தாள் திருத்தும் மையங்களில் நானே பார்த்திருக்கிறேன்.

பாடத்திட்டத்தையோ அரசாணையையோ மாற்றும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. வேதியியலில் ஒரே உப்பை, இயற்பியலில் ஒரே கம்பியை ஒரு பிரிவு மாணவர் முழுவதற்கும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். இறுதி விடை பாடநூல் மதிப்போடு பொருந்துவதற்கு உள்ள மதிப்பெண்ணைக் குறைத்து, அது பொருந்தாதபோது ஏன் பொருந்தவில்லை என்று மாணவர் சொல்லும் காரணத்துக்கு அதை வழங்கலாம். பருவத் தேர்வின் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில் புதிய பாடம் தொடங்காமல், வகுப்பில் அதிகம் பேர் தவறிய இரண்டு வினாக்களை மட்டும் எடுத்து, அந்தத் தவறான விடைகளையே கரும்பலகையில் எழுதிப் பேசலாம். ஐம்பது பேரையும் தனித்தனியே கேட்க நேரம் ஏது என்பார்கள். நான் வாரத்துக்கு ஐந்து பேரை மட்டும் ஆய்வகத்தில் நிறுத்திக் கேட்டேன். ஒரு பருவத்துக்குள் எல்லாரையும் கேட்டு முடித்துவிட முடிந்தது.

வரும் செய்முறைத் தேர்வில் அமரப்போகும் அகத் தேர்வாளர்களிடமும் புறத் தேர்வாளர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. மாணவர் கருவியிலிருந்து முதல் அளவீட்டை எடுத்ததும், கணக்கீட்டைத் தொடங்கும் முன், அந்த எண்ணின் பக்கத்தில் தேர்வாளர் ஒருவர் கருவியைப் பார்த்துத் தம் சுருக்கொப்பத்தை இட வேண்டும். ஒரு மாணவருக்கு அரை நிமிடம் ஆகும். அதன்பின் அந்த எண்ணை அழிக்க வேண்டிய தேவை எந்தப் பிள்ளைக்கும் வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுநிலை இயற்பியல் ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.