எங்கள் பகிடியை எங்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள்
இலங்கைத் தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. 2005இல் விஜய் டிவியின் நகைச்சுவைப் போட்டியான 'கலக்கப் போவது யாரு' தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து அதன் பழைய துண்டுகளை யூடியூப்பில் பார்க்கிறார்கள். சிவகார்த்திகேயன் சினிமாவுக்குப் போகும் முன்பே எங்கள் ஆட்களுக்கு அவரைத் தெரியும். கல்முனை பஸ்ஸில் ஹெட்செட்டோடு தனியாகச் சிரிக்கும் பையனைக் கேட்டால், மதுரை முத்து என்பான், இல்லாவிட்டால் அலெக்சாண்டர் பாபு என்பான்.

எங்கள் ஆட்கள் எதைப் போட்டாலும் சிரிக்கிற ரசிகர்கள் இல்லை. நடுவர் சிரிக்கும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டினால் பத்து வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். கறுப்பு, குண்டு, வழுக்கை என்று ஆளின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் பகிடிகள் சலித்துப் போய்விட்டன. அதை எங்கள் வீட்டுப் பெண்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆண் சேலை கட்டி வந்தாலே சிரிப்பு வரும் என்ற எண்ணமும் பழசு. தனியாளாக மைக்கைப் பிடித்துத் தன் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள்தான் இளம் பிள்ளைகளை இழுக்கிறார்கள். 2020இல் 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' என்ற ஸ்டாண்ட் அப் போட்டி வந்த பிறகு, நாமும் செய்து பார்க்கலாமே என்று பேசும் பிள்ளைகளை இங்கேயும் பார்க்கிறேன்.

சரி, எங்கே போய்ச் செய்வது?

மதுரை முத்து சென்னைப் பேச்சுக்கு மாறி வந்து ஜெயித்தவர் இல்லை. ஊர்ப் பேச்சோடு மேடை ஏறினார், உலகம் கேட்டது. எங்கள் நாட்டுக்கும் இது புதிதில்லை. இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' எப்படி அப்படிக் கொடிகட்டிப் பறந்தது? யாழ்ப்பாணப் பேச்சு, முஸ்லிம் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ் எல்லாம் ஒரே வீட்டில் முட்டி மோதியதால்தான். எஸ். ராமதாஸின் அந்தத் தொடர் 1976இல் படமாகவும் வந்தது. கே.எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' தனிநடிப்பில் ஒரே ஆளாக நின்று ஒரு பஸ்ஸையே மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் ஸ்டாண்ட் அப் என்று கொண்டாடுவதற்கு அது மூத்த பிள்ளை.

ஆனால் உங்கள் நிகழ்ச்சிகளில் மட்டக்களப்புப் பேச்சு எங்கே வருகிறது? பெரும்பாலும் விவரம் தெரியாத வேலைக்காரரின் வாயில். அந்தப் பேச்சைப் பேசுகிறவர் பகிடிக்கு ஆளாகிறார், பகிடி சொல்கிறவராக வருவதில்லை. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். மந்திரப் போட்டியையே சிரிப்போடு நடத்தும் மகிடிக் கூத்து ஆடிய ஊர்கள் இவை. சிரிக்கவைக்கத் தெரியாத மண் இல்லை.

விஷயமும் கொட்டிக் கிடக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டு நகைச்சுவையில் பாதி மாமியார் மருமகள் சண்டை. எங்கள் பக்கம் கல்யாணம் கட்டியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாப்பிள்ளை. வீடு பெண்ணுக்குச் சீதனம், தமிழரிலும் அப்படி, முஸ்லிம்களிலும் அப்படி. மாமியார் வீட்டில் மீனின் நடுத்துண்டு தன் தட்டில் விழுமா என்று காத்திருக்கும் மருமகனைப் பற்றி யாராவது நிகழ்ச்சி செய்திருக்கிறார்களா? கிணற்றடியில் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்புறம், 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற இரவுகளில் கேட்ட பகிடிகளை யாராவது பதிவு செய்திருந்தால் ஒரு வருடத்துக்கு நிகழ்ச்சி போட்டிருக்கலாம்.

வாரத்துக்கு அரை மணித்தியாலம் தாருங்கள். தேர்வைக் கொழும்பில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு இளம்பிள்ளை இரவு பஸ் ஏறி வந்து, மூன்று நிமிடம் பேசி, இரவு பஸ்ஸிலேயே திரும்ப வேண்டுமென்றால் யார் வருவார்? பெண் பிள்ளையை எந்த வீட்டில் அனுப்புவார்கள்? மட்டக்களப்பில் தேவநாயகம் மண்டபம் இருக்கிறது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஊருக்கொரு நாள் வையுங்கள், முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மேடையில் ஏறட்டும். ஐந்து நிமிடம் குறுக்கே பேசாமல் பேச விடுங்கள். அவர்களுடைய பேச்சைக் கொழும்புக்கு விளங்கும்படி திருத்தாதீர்கள். மதுரைப் பேச்சு எங்களுக்கு விளங்குகிறது, எங்கள் பேச்சு மற்றவர்களுக்கு விளங்காதா? எழுதிக் கொடுப்பவருக்கும் காசு கொடுங்கள். விளம்பரம் கிடைக்காது என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள், ஆறு மாதம் ஓடவிட்டுப் பாருங்கள்.

தேர்வுத் திகதியை மட்டும் பெப்ரவரி, மார்ச்சில் வைக்க வேண்டாம். அது பெரும்போக நெல் வெட்டுக் காலம். வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரைப் பையன்களில் நன்றாகப் பேசக்கூடிய பலர் அப்போது வயலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு ரசிகை