பட்டறைக்குள் வந்த கணக்கு: 2024-25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமையும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பட்டறை உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் கோவை பட்டறை உரிமையாளர் சங்கத்தில் நடந்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மின் கட்டணத்தில் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் குறைக்கக் கோரி மற்ற சங்கங்களோடு சேர்ந்து மனு கொடுத்தோம். ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது. பொரி, சுண்டல் செலவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, காரணத்தைப் பொருளாளரிடம் கேளுங்கள். கொடிசியா வளாகத்தில் நடந்த இன்டெக் கண்காட்சிக்கு உறுப்பினர்கள் குழுவாகப் போய் வந்தார்கள். வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது.

இனி, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை. பட்டறை நிர்வாகத்துக்கு சாப்ட்வேர் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது, நம்மைப் போன்ற சிறு பட்டறைக்கு அது தேவைதானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ பக்கம் உள்ள உறுப்பினர்களின் பட்டறைகளுக்கு நேரில் போனோம். விற்கிறவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். அதனால் போட்டவர்களிடமும், போட்டு நிறுத்தியவர்களிடமும் மட்டும் கேட்டோம்.

ஆர்டர் வாங்கி உலோகப் பாகங்களைக் கடைந்து தரும் நம் பட்டறைகள் நடக்கும் விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த பார்ட்டிக்கு எத்தனை பீஸ் பாக்கி, எந்த இன்செர்ட் (மெஷினில் மாட்டும் வெட்டு முனை) தீரப்போகிறது, எந்த வேலைக்குப் போன தடவை என்ன ரேட் போட்டோம் என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. அவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், தாலி கட்டும் நேரத்தில் போன் வரும்: "அண்ணா, பம்ப் ஷாஃப்ட் முந்நூறு போட்டாச்சுங்க, நிறுத்தலாமா, இன்னும் ஓட்டறதுங்களா?" இரண்டு மெஷின் இருக்கும் வரை இது ஓடும். நாலாவது மெஷின் வந்ததும் தலை தாங்காது. நம் ஊரில் பல பட்டறைகள் நாலு, ஐந்து மெஷினோடு நின்றுபோவதற்கு ஆர்டர் இல்லாததைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் இன்றைக்கே பேசலாம்.

சாப்ட்வேர் போட்டவர்களுக்கு முதல் அதிர்ச்சி கொடுத்தது செட்டிங் நேரம், அதாவது ஒரு வேலையை ஓட்டும் முன் மெஷினை அதற்குத் தயார் செய்யும் நேரம். ஒரு கணக்கைச் சொல்கிறேன், வீட்டுக்குப் போய் உங்கள் வேலை ஒன்றுக்கு இதே மாதிரி போட்டுப் பாருங்கள். கணினிக் கட்டளையில் ஓடும் சிஎன்சி மெஷின் ஒன்றின் ஒரு மணி நேரச் செலவு, கணக்கு எளிதாக வர, 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு 3 நிமிடம் என்றால் 20 ரூபாய். செட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம், அது 600 ரூபாய். 500 பீஸ் ஒரே லாட்டாக ஓட்டினால் செட்டிங் செலவு பீஸுக்கு 1.20 ரூபாய்தான், அடக்கம் 21.20. 25 ரூபாய் ரேட் என்றால் பீஸுக்கு 3.80 மிச்சம், மொத்தம் 1,900 ரூபாய். சரி. ஆனால் ஆர்டரில் 500 என்று போட்டுவிட்டு, கம்பெனிக்காரர்கள் வாரம் 50 பீஸாகக் கேட்டால்? ஒவ்வொரு தடவையும் செட்டிங் 600 ரூபாய், பீஸுக்கு 12 ரூபாய், அடக்கம் 32. பீஸுக்கு 7 ரூபாய் கையை விட்டுப் போகிறது. பத்துத் தடவையில் 3,500 ரூபாய் நட்டம். அதே ஆர்டர், அதே ரேட், அதே மெஷின்.

இதைக் கண்டுபிடிக்க நோட்டும் பேனாவும் போதும் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். உண்மைதான். ஆனால் எந்த நோட்டில் யார் எழுதினார்கள்? செட்டிங் எப்போது ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று ஜாப் கார்டில், அதாவது வேலையோடு போகும் விவர அட்டையில், நேரம் விழும்போதுதான், மாதக் கடைசியில் வேலைவாரியாகக் கூட்டிப் பார்க்க முடிகிறது. நாங்கள் பார்த்த ஒரு பட்டறையில், பத்து வருடமாக ஆகாத பார்ட்டி என்று முதலாளி திட்டிக்கொண்டிருந்தவர் நல்ல லாபம் தருபவராக இருந்தார். மாதாமாதம் பழத்தட்டோடு போய்ப் பார்த்துவந்த பார்ட்டியின் வேலைதான் அடிவாங்கிக்கொண்டிருந்தது. முதலாளி அந்தக் கம்பெனிக்குக் கணக்கை அச்செடுத்துக்கொண்டு போனார். ரேட் ஏற்றித் தரவில்லை. 50 பீஸ் கேட்டவர்கள் 200 ஆக வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். அதுவே போதுமாக இருந்தது.

அடுத்தது டிசி, சரக்கோடு வந்து போகும் டெலிவரி சலான். ஜாப் ஒர்க், அதாவது பார்ட்டியின் சரக்கை வாங்கி வேலை மட்டும் செய்து கொடுப்பது, செய்கிறவர்களுக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. 200 வார்ப்பு உள்ளே வருகிறது. 188 முடிந்து போகிறது, 7 ப்ளோ ஹோல் (வார்ப்பிலேயே ஓட்டை), 3 நம் கையில் ரிஜெக்ட். மீதி 2 எங்கே? யாருக்கும் தெரியாது. பார்ட்டி மெட்டீரியல் விலையை நம் பில்லில் டெபிட் போட்டுக் கழித்துவிடுவார். ப்ளோ ஹோல் பீஸுக்குத் தனி டிசி போட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் அந்த ஏழும் நம் தலையில்தான். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வராவிட்டால், அதை விற்பனையாக எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி கட்டச் சொல்கிறது சட்டம். அனுப்பியவர் அந்தச் சரக்கு விவரத்தைக் காட்டும் ஐடிசி-04 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் அரையாண்டுக்கு ஒரு தடவை. அதனால்தான் அக்டோபரிலும் ஏப்ரலிலும் பார்ட்டி ஆபீஸிலிருந்து விடாமல் போன் வருகிறது. உள்ளே வந்த டிசி ஒவ்வொன்றுக்கும் எதிராக வெளியே போனதைக் கழித்துக் காட்டும் வசதி மட்டும் இருந்தாலே பாதித் தூக்கம் திரும்பிவிடும் என்றார் ஆவாரம்பாளையம் உறுப்பினர். நாங்கள் பார்த்தவற்றில் அதிகம் பயன்பட்டதும் இந்த வசதிதான்.

தோற்ற கதைகளையும் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் பெரிய தொழிற்சாலைக்கு எழுதப்பட்ட ஈஆர்பி (முழு நிர்வாகத்துக்குமான சாப்ட்வேர்) ஒன்றை சர்வரோடு வாங்கினார். ஒரு பீஸ் முடிந்தது என்று பதிவு செய்யப் பல திரைகளைத் தாண்ட வேண்டும். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு வாரத்தில் போய்விட்டார். அந்த சர்வர் இப்போது ஆபீஸ் ரூமில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது, விபூதி வைக்கிறார்கள். இன்னொருவர் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் டேப்லெட் மாட்டினார். கூலண்டும் எண்ணெயும் பட்ட விரலுக்கு அந்தத் திரை அசையவே இல்லை. ஆபரேட்டர் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஷிப்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகக் குத்தி வைத்தார். அப்படி விழும் நேரத்தை வைத்து என்ன கணக்குப் போடுவது?

அதே சிக்கலை சின்னவேடம்பட்டியில் வேறு மாதிரி தீர்த்திருக்கிறார்கள். லேமினேட் செய்த ஜாப் கார்டில் பார்கோடு. கார்டு கம்பியில் கோத்து சரக்குக் கூடையிலேயே தொங்குகிறது. கூடை எந்த மெஷினுக்குப் போனாலும் கூடவே போகும். கடையில் பில் போடும் ஸ்கேனர்தான், அதை எடுத்து ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை. மெஷின் நின்றால் காரணத்துக்குச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது: டூல் உடைந்தது, சரக்கு இல்லை, கரண்ட் இல்லை, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பார்கோடு. அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பிகார்க்காரர்கள். தமிழும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம். அந்தச் சுவரை எல்லோரும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாளி காபி கொடுப்பார்.

அந்தச் சுவர் அவருக்கு ஒரு மெஷின் விலையை மிச்சப்படுத்தியது. ஐந்தாவது சிஎன்சிக்கு பேங்க்கில் கடன் பேசி வைத்திருந்தார். மெஷின் நின்ற காரணங்களைக் கூட்டிப் பார்த்தால், முதல் பீஸை அளந்து ஓகே சொல்ல ஆளில்லாமல் நின்ற நேரமே அதிகம். அளப்பதும் சூப்பர்வைசர், டிசி போடுவதும் சூப்பர்வைசர், சனிக்கிழமை கூலி போடுவதும் அவரே. கடனை ஒத்திவைத்தார், இன்ஸ்பெக்‌ஷனுக்கு டிப்ளமோ படித்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். அளந்த விவரமும், உலோகம் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரும் லாட்டோடு பதிவாவதால், முன்பு இடைத்தரகர் மூலமாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு வேலையை இப்போது நேரடியாகவே வாங்குகிறார். மெஷின் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

பாக்கி வசூல் பற்றி. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி (எச்) பிரிவு 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குப் பணத்தை ஒப்பந்தப்படி, அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கிற ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். நாள் எண்ணுவது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து. ஆகவே டிசியில் பார்ட்டியின் ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் வாங்கி, அதன் போட்டோவைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். குறு, சிறு நிறுவனப் பதிவான உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கவும், அரசின் இணையதளத்தில் முறையிடவும் வழி இருக்கிறது. முறையிட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயமும் இருக்கிறது, அதை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 40 ஆவது நாளில் தானாகப் போகும் ஒரு நினைவூட்டல் கடிதத்தால் யாரும் கோபித்துக்கொண்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

எதை வாங்குவது என்று சங்கம் பெயர் சொல்லாது. கணக்கு எழுத டேலி சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள் அதை நீக்க வேண்டாம். ஆடிட்டருக்கு அது பழக்கம், வரவு செலவு அதிலேயே இருக்கட்டும். பட்டறைத் தளத்துக்கு மட்டும் தனியாகப் பாருங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் போல இலவச உரிமத்தில் கிடைப்பவையும் உண்டு, ஆனால் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மாத வாடகைக்குக் கிடைப்பவை என்றால் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நாளைக்கு நிறுத்தினால் என் டேட்டா முழுவதையும் எக்செல்லாகத் தருவீர்களா? இதற்கு மழுப்புகிறவரிடம் மேலே பேசாதீர்கள். முதல் மூன்று மாதம் ஒரே மெஷினில், ஒரே பார்ட்டியின் வேலைக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேலையைப் பதிவு செய்யும் பொறுப்பை மகனிடமோ மகளிடமோ கொடுப்பவர்கள், அவர்கள் சொல்லும் கணக்கைக் கேட்கவும் தயாராக இருக்க வேண்டும். இரண்டு வீடுகளில் இதனால் சண்டையே நடந்திருக்கிறது.

உற்பத்தியில் வீணைக் குறைக்க உதவும் மத்திய அரசின் லீன் திட்டத்தில் ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. குறைபாடில்லாத உற்பத்திக்கான செட் சான்றிதழ் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம் மானியம். 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவன வரம்பு முதலீட்டில் இரண்டரைக் கோடி, விற்றுமுதலில் 10 கோடி என உயர்ந்திருப்பதால், சிறு நிறுவனமாக இருந்த சிலர் மறுபடி குறு ஆகியிருப்பீர்கள். உத்யம் சான்றிதழை ஒருமுறை திறந்து பாருங்கள்.

வரும் ஆண்டில் மெஷின் மணிச் செலவு கணக்கிடுவது எப்படி என்று சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமை மாலை வகுப்பு நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முதலாளிகளோடு சூப்பர்வைசர்களும் வர வேண்டும். மின் கட்டண ரசீது, கடன் தவணை விவரம், ஒரு மாதச் சம்பளப் பட்டியல் மூன்றையும் கொண்டுவாருங்கள். அதில் உள்ள தொகை யார் கண்ணிலும் படாது, கணக்குப் போடும் முறையை மட்டும்தான் சொல்லித் தருவோம். பெயர் கொடுக்க வேண்டிய படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அதே மேசையில்தான் இருக்கிறது.

பட்டறைக் கதவைத் திறந்துவிட்டு நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொன்ன உறுப்பினர்களுக்கும், கூடவே அலைந்த செயற்குழு நண்பர்களுக்கும், அலுவலக உதவியாளருக்கும் நன்றி. இந்த அறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்